கேஸ் மணவாளக்குறிச்சிக்கு வந்த வழி

எங்கள் தெருவில் கேஸ் வண்டி வருவது முதலில் காதுக்குத்தான் தெரியும். சிலிண்டரோடு சிலிண்டர் இடிக்கிற சத்தம் முக்கு திரும்பும்போதே கேட்டுவிடும். பக்கத்து வீட்டு அக்கா புத்தகத்தைத் தேடிக்கொண்டே "கேஸு வந்துட்டு" என்று உள்ளே குரல் கொடுப்பார். எங்கள் ஊர் வாயில் எந்தச் சொல்லும் வாலில் ஓர் உகரம் ஒட்டாமல் வெளியே வராது. மேற்கே களியக்காவிளை தாண்டினால் சிலிண்டர் கேஸ் குற்றி ஆகிவிடும். வெட்டிப்போட்ட மரத்துண்டுக்குச் சொல்லுகிற அதே குற்றி.

அச்சில் ஏறும்போது இந்தச் சொல்லுக்கு வேறு வேறு சட்டை. தினத்தந்தியில் கியாஸ். தினமலரில் காஸ். அரசு அறிவிப்பில் சமையல் எரிவாயு. பள்ளிப் பாடநூலில் வாயு. பேச்சில் மட்டும் எல்லோருக்கும் கேஸ்தான். நீதிமன்றத்தில் நடப்பதும் கேஸ் என்பதால், "அவருக்குக் கேஸு" என்று யாராவது சொன்னால் வயிறா வழக்கா என்று சொல்லுகிறவர் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

இவ்வளவு பெயர் இருக்கும் பொருளுக்கு ஒரு நல்ல தமிழ்ப்பெயர் வைத்துவிட்டால் என்ன என்று நினைத்த ஆசிரியர் ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் குமரி மாவட்டத்துக்கு வெளியிலிருந்து மாற்றலாகி வந்தவர், தூய தமிழ்ப் பற்று உள்ளவர். கரும்பலகையில் கொட்டை எழுத்தில் 'வளி' என்று எழுதி, "இன்றைக்கு வளியின் பண்புகளைப் பார்ப்போம்" என்று தொடங்கினார். கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பிள்ளைகள் இருந்த பெஞ்சுகள் முழுவதும் குலுங்கின. மலையாளத்திலும் எங்கள் மேற்குப் பக்கத்துத் தமிழிலும் வளி என்றால் ஒரே பொருள்தான். அது பின்பக்கமாகப் போவது. பாவம், அவருக்கு யார் போய்ச் சொல்வது? அழுத்தத்தைக் கூட்டினால் வளியின் கன அளவு குறையும் என்று அவர் சொன்னதோடு அன்றைய பாடம் முடிந்தது.

இத்தனைக்கும் வளி சாதாரணச் சொல் இல்லை. நிலம், நீர், தீ, விசும்பு ஆகியவற்றோடு சேர்த்துத் தொல்காப்பியம் வைக்கும் பூதத்தின் பெயர் அது. சங்கப் பாட்டில் கப்பலை ஓட்டுவது வளி. திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் முதல் குறளில் உடம்புக்குள் இருக்கும் வாதத்துக்கும் அதே பெயர். சூறாவளியில் இன்றைக்கும் முழு வேகத்தோடு இருக்கிறது. வளி என்பதை வளைதலோடு சேர்த்து, சுழன்று வருவது என்று பொருள்காண எனக்கு ஆசைதான். ஆசை ஆதாரம் ஆகாது என்பதால் நிறுத்திக்கொள்கிறேன். கப்பல் ஓட்டிய சொல் கடைசியில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிற இடத்துக்கு வந்து சேர்ந்தது. சொற்கள் இப்படி இறங்கிப்போவது புதிதா என்ன? 'நாற்றம்' என்பது ஒரு காலத்தில் பூ மணம்.

வாயு வடமொழிச் சொல். வீசுதல் என்னும் வேரிலிருந்து வந்தது. ஆனால் தமிழில் அது வந்து உட்கார்ந்த இடம் காற்றாடும் வெளி அல்ல, வைத்தியரின் திண்ணை. சித்த மருத்துவம் உடம்புக்குள் வாயுவைப் பத்தாகப் பிரித்து வைத்திருக்கிறது: பிராணன், அபானன், வியானன், உதானன், சமானன், நாகன், கூர்மன், கிருகரன், தேவதத்தன், தனஞ்செயன். இந்தப் பட்டியலை மருத்துவமாக எடுத்துக்கொள்வதும் கொள்ளாததும் அவரவர் விருப்பம். எனக்கு இதில் பிடித்தது இலக்கணம். ஐரோப்பியர்களுக்கு 'காற்று' ஒருமையாகவே இருந்தது. உலகில் காற்று ஒன்றுதான், அழுக்கேறினால் கெட்ட காற்று, அவ்வளவே. பலவகைக் காற்றுகள் உண்டு என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு 18ஆம் நூற்றாண்டுவரை ஆயிற்று. 1774இல் பிரீஸ்ட்லி தம் நூலுக்கு 'பலவகைக் காற்றுகள்' என்று பொருள்படத் தலைப்பு வைத்ததே ஒரு துணிச்சல். எங்கள் ஊர் வைத்தியருக்கு வாயு அதற்கு முன்பே பன்மை.

அதனால்தான் புதிய வேதியியல் வந்தபோது வாயு என்ற சொல் ஆயத்தமாக நின்றது. பத்தில் முதலாவதை எடுத்து ஆக்சிஜனுக்குச் சூட்டிப் பிராணவாயு என்றார்கள். சோடாவில் பொங்குவதற்குக் கரியமில வாயு என்று பெயர் வைத்தார்கள். கரி, அமிலம், வாயு என்று மூன்றும் சேர்ந்த பெயர் அது. ஒரு காலத்து ஐரோப்பிய நூல்களில் இருந்த 'கார்பானிக் அமில வாயு' என்பதன் அச்சு அசலான தமிழ். நம்மில் பலர் அதைக் 'கரியமிலம்' என்று ஏதோ ஒரு பொருள் இருப்பதுபோல் நினைத்துக்கொண்டு சொல்லுகிறோம். கரியைப் பிரித்துப் பார்த்தால்தான் கதை தொடங்குகிறது. கேஸ் என்ற சொல்லே கரியிலிருந்துதான் பிறந்தது.

பிரசெல்ஸ் நகரத்தவர் யான் பாப்டிஸ்ட் வான் ஹெல்மோன்ட். 62 பவுண்டு ஓக் மரக்கரியை எரித்தார். மிஞ்சியது 1 பவுண்டு சாம்பல். மற்ற 61 பவுண்டு எங்கே? கண்ணுக்குத் தெரியாத, பாத்திரத்தில் அடைத்துவைக்க முடியாத ஏதோ ஒன்றாகப் போய்விட்டது என்று முடிவு செய்தார். காட்டு ஆவி என்று பொருள்படும்படி முதலில் அதை அழைத்தார். பிறகு, இதுவரை யாரும் அறியாத இந்த ஆவிக்குப் புதுப்பெயர் வைக்கிறேன் என்று 'காஸ்' என எழுதினார். திராட்சைச் சாறு புளிக்கும்போது வருவதும் அதே ஆவிதான் என்றும் கண்டுகொண்டார். எங்கள் ஊரில் பனையேறும் எவருக்கும் இந்த ஆவியோடு பழக்கம் உண்டு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர். தடவாவிட்டால் மத்தியானத்துக்குள் நுரைதள்ளிக் கள். அந்த நுரைக்குள் இருப்பதுதான் ஹெல்மோன்டின் காட்டு ஆவி. அவர் 1644இல் இறந்தார். 1648இல் மகன் வெளியிட்ட நூலில்தான் இந்தப் பெயர் உலகத்தின் கண்ணில் பட்டது.

காஸ் எங்கிருந்து வந்தது என்பதற்கும் அவரே குறிப்பு வைத்திருக்கிறார்: பழைய கிரேக்கர்களின் 'கேயாஸ்' என்பதிலிருந்து அது தொலைவில் இல்லை. கேயாஸ் என்றால் உலகம் உருப்பெறுவதற்கு முந்திய பெருங்குழப்பம். பிளந்து கிடக்கும் வெறுமை. டச்சுக்காரர் வாயில் இரண்டு சொற்களின் முதல் எழுத்தும் தொண்டைக்குள்ளிருந்து காறிக்கொண்டு வரும், கிட்டத்தட்ட நாம் 'மகன்' என்று சொல்லும்போது நடுவிலே கேட்கிற க போல. ரோமன் எழுத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. ஆங்கிலேயர் காதுக்கு உறவே தெரியாது. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. வல்லினம், மெல்லொலி, தொண்டையொலி எல்லாவற்றுக்கும் நம்மிடம் இருப்பது ஒரே க. கேயாஸ், கியாஸ், கேஸ் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். தகப்பன், பிள்ளை, பேரன் மூவரும் ஒரே மூக்கோடு நிற்பார்கள். தினத்தந்தி அறிந்து செய்திருக்காது. ஆங்கிலத்தின் அந்த இழுபட்ட உயிரை எழுத யகரம் உதவியது, அவ்வளவுதான். தற்செயல் சிலசமயம் பண்டிதரைவிட நன்றாக எழுத்துக்கூட்டும்.

ஹெல்மோன்ட் காஸோடு இன்னொரு பெயரும் படைத்தார்: பிளாஸ். நட்சத்திரங்களிலிருந்து வந்து பொருள்களை அசைக்கும் ஒரு விசை என்று அவர் நினைத்ததற்கு அந்தப் பெயர். பிளாஸ் அவரோடு போயிற்று. காஸும் நூறாண்டுக்கு மேல் தூங்கிக்கொண்டுதான் கிடந்தது. லவாய்சியே காலத்துப் பிரெஞ்சு வேதியியலாளர்கள் தட்டி எழுப்பினார்கள்.

பெயர் சரி, கணக்கு? அங்கே ஹெல்மோன்ட் தோற்றார். 61 பவுண்டு கரி 61 பவுண்டு காஸாகிவிட்டது என்று அவர் எண்ணினார். கரி தனியாகப் போகவில்லை. காற்றிலிருந்த ஆக்சிஜனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு மோல் கார்பன் 12 கிராம். அது ஒரு மோல் ஆக்சிஜனோடு, அதாவது 32 கிராமோடு, சேர்ந்தால் 44 கிராம் கரியமில வாயு. 61 பவுண்டு முழுவதையும் சுத்தக் கரியாகவே வைத்துக்கொண்டால் வெளியே போன வாயு சுமார் 224 பவுண்டு. உள்ளே போனதைப்போல மூன்றரை மடங்குக்கும் மேல். இன்றைக்கு பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இரண்டு வரியில் போடுகிற கணக்கு. கண்ணுக்குத் தெரியாததற்கு எடை உண்டு என்பதையே அவர் ஊகித்தார் என்று பார்த்தால், நான் ஹெல்மோன்டுக்கு முழு மதிப்பெண் போட்டுவிடுவேன்.

இனி நாகர்கோவில். வேதியியல் தமிழுக்கு வந்த பாதையில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு என்பது இங்கேயே பலருக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மாணவர்களையும் துணைக்கு வைத்துக்கொண்டு மேலை மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873இல் அவர் ஊர் திரும்பிவிட்டார். டேவிட் வெல்ஸின் வேதியியல் நூலுக்கு அவர்கள் செய்த தமிழ் வடிவம் 1875இல் வெளிவந்தது. அச்சிட்டது நாகர்கோவில் லண்டன் மிஷன் அச்சகம். நூலின் பெயர் 'கெமிஸ்தம்'.

கெமிஸ்தம்! இரசாயனம் என்ற சொல் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அதில் பொன்னாக்கும் வித்தையின் வாசம் அடித்ததோ என்னவோ, அவர்கள் ஆங்கிலப் பெயரை எடுத்து, வாலை நறுக்கி, ஓர் 'அம்' சேர்த்து, மரம், பழம், படம் வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள். எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம். இலக்கணம் தெரிந்தவன் செய்த வேலை. கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தில், கெமிஸ்தத்தால் என்று வேற்றுமை உருபெல்லாம் வழுக்காமல் ஏறும். ஆனால் பிழைக்கவில்லை. இரசாயனமே ஒரு நூற்றாண்டு ஆண்டது. பிறகு சித்தர்களின் வேதித்தல், அதாவது உலோகத்தை மாற்றுதல், என்ற சொல்லிலிருந்து வேதியியல் வந்து அமர்ந்தது. பொன்னாக்கும் வித்தை கடைசியில் பின்வாசல் வழியாக உள்ளே வந்தே விட்டது.

கெமிஸ்தம் பிளாஸின் வழியில் போனது. இலக்கணம் பார்த்துச் செய்த சொல் போய்விட, யாரும் செய்யாமல் தானாக வந்த கேஸ் நிலைத்தது எப்படி? கேஸை எங்கள் ஊருக்கு யாரும் மொழிபெயர்த்துத் தரவில்லை. அது விளக்காக வந்தது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நகரங்களில் கேஸ் என்றால் தெருவிளக்கு. நிலக்கரியைக் காற்றில்லாமல் சூடாக்கி எடுத்த வாயுவைக் குழாயில் விட்டுக் கொளுத்தினார்கள். லண்டனில் இதற்கென்றே 1812இல் கம்பெனி தொடங்கிற்று. அந்தச் சுடர் மஞ்சளாக, மங்கலாக எரிந்தது. ஆஸ்திரியரான அவர் ஃபான் வெல்ஸ்பாக் (நம் 'அவர்' இல்லை, அவர் பெயரே அவர்) துணியாலான ஒரு கூட்டைச் சுடரின்மேல் தொங்கவிட்டு ஒளியை வெள்ளையாக்கினார். 1885இல் எடுத்த முதல் காப்புரிமை சரிவரப் பலிக்கவில்லை. 1891இல் பிடித்த விகிதம்தான் உலகத்தை வென்றது: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு 1 பங்கு. அந்தக் கூடுதான் மேண்டில்.

மேண்டில் ஒரு நல்ல வேதிக்கணக்கு. நூல்துணியைத் தோரியம் நைட்ரேட்டுக் கரைசலில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். முதல்முறை கொளுத்தும்போது நூல் எரிந்துபோகும். நைட்ரேட் சிதைந்து ஆக்சைடாகும். துணியின் வடிவத்தில் சாம்பல்கூடு மட்டும் நிற்கும். நீர் சேராத தோரியம் நைட்ரேட் ஒரு மோல் 480 கிராம். அதிலிருந்து கிடைக்கும் ஆக்சைடு 264 கிராம். மீதி 216 கிராம் எங்கே என்று ஹெல்மோன்ட் கேட்டிருப்பார். நான்கு மோல் நைட்ரஜன் டையாக்சைடு 184 கிராம், ஒரு மோல் ஆக்சிஜன் 32 கிராம். கூட்டிப் பாருங்கள், கணக்கு நேர். ஒரு மோல் திடப்பொருளிலிருந்து ஐந்து மோல் கேஸ் கிளம்பிப்போய், காற்றுக்கே உடைகிற ஒரு பூங்கூட்டை விட்டுச்செல்கிறது. அந்தக் கூடு உடைவது எவ்வளவு சுலபம் என்பதைத் தமிழ்நாட்டுக்குப் புரியவைக்க 1984இல் 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் செந்தில் ஒரு பிடி பிடித்தார். கவுண்டமணி பட்ட பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை.

தோரியம் என்ற பெயர் வடநாட்டார் இடித்தெய்வமான தோர் பெயரில், பெர்சீலியஸ் வைத்தது. அது கிடைக்கும் தாதுவுக்கு 1829இல் வைத்த பெயர் மோனசைட். தனித்திருத்தல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. மேண்டிலுக்கு வேண்டிய மோனசைட் மணல் அதுவரை முக்கியமாகப் பிரேசிலிலிருந்து போய்க்கொண்டிருந்தது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து இறக்குமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் அதே தாது இருப்பதைக் கண்டார். கப்பல் வழியே தேடிக்கொண்டு வந்து நின்ற இடம் மணவாளக்குறிச்சி. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அங்கே மணல் பிரிக்கும் ஆலை எழுந்தது.

இந்த இடத்தில் சொல்லாராய்ச்சிக்காரனுக்குக் கை துறுதுறுக்கும். ஆங்கிலத்தில் தென்னைநாருக்கு உள்ள 'காயர்' என்ற பெயர் நம் கயிறுதான். மலையாளக் கரையிலிருந்து கப்பலேறியது. கயிறு என்ற சொல் ஐரோப்பாவுக்குப் போயிற்று, அதில் ஒட்டிக்கொண்டு எங்கள் மணலும் போயிற்று. மணல் மேண்டிலாகத் திரும்பி வந்தபோது அதில் ஒட்டிக்கொண்டு கேஸ் என்ற சொல் வந்தது. இன்னொன்றும் உண்டு. தனித்திருப்பவன் என்று பெயர்கொண்ட தாது, உலகத்தில் வேறு ஊரே கிடைக்காததுபோல, மணவாளன் பெயர்கொண்ட குறிச்சியில் வந்து கிடக்கிறது.

முதல் உலகப்போரோடு ஜெர்மானியர் கை விலகி ஆங்கிலக் கம்பெனி வந்தது. விடுதலைக்குப்பின் 1950இல் இந்திய அருமணல் நிறுவனம் தொடங்கிற்று. தோரியம் விளக்கிலிருந்து அணுசக்திக்கு இடம் மாறியது. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் 8 முதல் 10 சதவீதம் வரை தோரியம் ஆக்சைடு இருப்பதால் இந்தக் கரைமேல் உலகத்துக்குக் கண். அது வேறு கதை, அதில் கரைவாசிகளின் பயமும் கோபமும் உண்டு. இந்தக் கட்டுரைக்குள் அடக்கப் பார்ப்பது நியாயமாகாது.

மேண்டில் திரும்பி வந்த வண்டி பெட்ரோமாக்ஸ். பெர்லினில் மாக்ஸ் கிரெட்ஸ் என்பவர் செய்வித்த விளக்கு. பெட்ரோலியத்தோடு தம் பெயரைச் சேர்த்துவிட்டார். நாஞ்சில்நாட்டில் அதைப் பெட்ரோமாக்ஸ் என்று சொன்னவர்கள் உண்டு. பெரும்பாலோருக்கு அது கேஸ் லைட்டு. மண்ணெண்ணெயைப் பம்பால் அழுத்தி, சூடான குழாயில் ஏற்றி, ஆவியாக்கிக் கொளுத்துகிற விளக்கு என்பதால் பெயர் பொருந்தியும் போயிற்று. இசக்கியம்மன் கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு மேடையின் இரண்டு பக்கமும் அது தொங்கும். மாப்பிள்ளை ஊர்வலத்தில் தலைச்சுமையாக வரும். சுமக்கிறவர் முகம் மட்டும் இருட்டில் இருக்கும். 'உஸ்' என்ற அந்தச் சத்தம்தான் நான் முதலில் கேட்ட கேஸ். நடுச்சாமத்தில் சத்தம் இறங்கி வெளிச்சம் சிவந்தால் யாராவது எழுந்துபோய் நாலு பம்பு அடிப்பார்கள். அழுத்தத்துக்கும் கேஸுக்கும் உள்ள உறவைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்கு அதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை. மண்டைக்காட்டுக் கொடையில் அப்படி எரிந்த மேண்டிலின் தாது, கோயிலிலிருந்து கூப்பிடு தூரத்துக் கரையிலிருந்தே புறப்பட்டுப் போனதாகவும் இருக்கலாம் என்பது அன்றைக்கு எங்களில் யாருக்கும் தெரியாது.

ஷோம்பெர்க் மணலைக் கண்ட அதே 1909இல் பாரிஸில் ழான் பெரன் ஓர் எண்ணுக்குப் பெயர் வைத்தார்: அவகாத்ரோ எண். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கன அளவுள்ள எல்லா வாயுக்களிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம் என்று 1811இல் அவகாத்ரோ சொன்னதை ஐம்பது ஆண்டு யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த எண்ணிக்கையை மூட்டையாகக் கட்டுவதற்கு மோல் என்ற பெயரை 1890களில் கொடுத்தவர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட். வேடிக்கை என்னவென்றால் அவர் அப்போது அணுவையே நம்பாதவர். பெரன் முதலியோரின் சோதனைகளுக்குப் பிறகு, அதே 1909 வாக்கில்தான், சரி, அணு இருக்கிறது என்று இறங்கிவந்தார். நம்பாமலே பெயர் வைத்திருக்கிறார்.

மோல் என்ற சொல் மூலக்கூறுக்கான ஐரோப்பியச் சொல்லிலிருந்து வெட்டி எடுத்தது. அதற்கும் வேர், பெருந்திரள் என்று பொருள்படும் ஓர் இலத்தீன் சொல். பெருந்திரளைச் சிறுமையாக்கி 'சிறுதிரள்' என்று மூலக்கூறுக்குப் பெயர் வந்தது. அந்தச் சிறுமை விகுதியை மறுபடி கழற்றிப்போட்டு மோல் வந்தது. திரள், சிறுதிரள், மீண்டும் திரள். தமிழில் மூலக்கூறு என்று சொன்னவர் யாரோ, காது உள்ளவர். பொருளும் பொருந்தி ஒலியும் அயல்சொல்லுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் இன்னும் ஒருபடி போய் மோலையே மூல் என்று எழுதுகின்றன. மூலம் என்ற சொல்லின் வால் அறுந்து நிற்பதுபோல் இருக்கும், அயல்சொல் என்றே தோன்றாது. வேதிவினையில் எவ்வளவுக்கு எவ்வளவு என்று பார்க்கும் கணக்குக்கு அவர்கள் வைத்த பெயர் பீசமானம். பீசம் என்றால் வித்து. 1792இல் ரிக்டர் அந்தக் கணக்குக்கு வைத்த கிரேக்கப் பெயரின் முதற்பாதிக்கு மூலப்பொருள் என்றும் நெடுங்கணக்கின் எழுத்து என்றும் இரட்டைப் பொருள். பீஜாட்சரம் என்று மந்திர எழுத்தை நாம் சொல்வது நினைவுக்கு வந்தால் இரண்டு பெயரும் எங்கேயோ கைகுலுக்குவது தெரியும். கரையின் இந்தப் பக்கத்துப் பாடநூல்களில் இருக்கும் நீளநீளமான கூட்டுச்சொற்களைப் பார்க்கும்போது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருக்கும்.

பெருங்குழப்பம் என்று ஹெல்மோன்ட் பெயர் வைத்த பொருள்தான் மூன்று நிலைகளில் முதலில் கணக்குக்கு அடங்கியது என்பதை நினைத்தால் ஆச்சரியம். திடப்பொருளுக்கு ஒவ்வொன்றுக்கும் தனி அடர்த்தி, தனிப் பிடிவாதம். கேஸுக்கு அந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. 0 டிகிரியில், ஒரு வளிமண்டல அழுத்தத்தில், எந்தக் கேஸ் ஆனாலும் ஒரு மோலுக்கு 22.4 லிட்டர் இடம் வேண்டும். ஹைட்ரஜனும் அதுவே, அதைப்போல 22 மடங்கு கனமான கரியமில வாயுவும் கிட்டத்தட்ட அதுவே. ஏன் இந்த ஒழுங்கு? உள்ளே அவ்வளவு ஒழுங்கின்மை இருப்பதால். மூலக்கூறுகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் கண்ட திசையில் பறந்து சுவரில் மோதுகின்றன. யார் மோதுகிறார் என்று சுவருக்குக் கவலையில்லை. எத்தனை மோதல், எவ்வளவு வேகம், அவ்வளவுதான். 19ஆம் நூற்றாண்டில் மாக்ஸ்வெல்லும் போல்ட்ஸ்மேனும் இதைக் கணக்காக்கினார்கள். பெயர் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. வைத்தவருக்கு ஏன் சரி என்று தெரியாது.

அந்தக் கணக்கை எங்கள் தெருச் சிலிண்டரில் போட்டுப் பார்ப்போம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ. அதில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும் கலந்தது. எளிமைக்காக எல்லாம் பியூட்டேன் என்று கொள்வோம். பியூட்டேன் ஒரு மோல் 58 கிராம். 14,200ஐ 58ஆல் வகுத்தால் சுமார் 245 மோல். நாகர்கோவில் வெயிலில், 30 டிகிரி என்று வைத்தால், ஒரு மோல் கேஸ் சுமார் 25 லிட்டர். ஆக 6,100 லிட்டர். சிலிண்டரோ 33 லிட்டர் தண்ணீர் பிடிக்கும் பாத்திரம். ஆறாயிரத்துச் சொச்சத்தை முப்பத்துமூன்றுக்குள் எப்படி அடைத்தார்கள்? கேஸாக அடைக்கவில்லை. உள்ளே இருப்பது திரவம், அதன்மேல் கொஞ்சம் ஆவி. பிள்ளைகள் பலர் தடுமாறும் இடம் இது: சிலிண்டருக்குள் இருக்கும் திரவத்துக்கு வாயு விதியைப் போட்டால் விடை கோணலாகத்தான் வரும். அடுப்பைத் திறந்ததும் மேலே இருக்கும் ஆவி வெளியேறும், கீழே திரவம் கொதித்து அந்த இடத்தை நிரப்பும். திரவம் ஒரு சொட்டு மிச்சமிருக்கும்வரை உள்ளழுத்தம் பெரிதாகக் குறையாது. முதல் நாள் எரிந்ததுபோலவே கடைசி நாளும் எரிந்து, சோறு பாதி வெந்த நேரம் பார்த்து அணைவது அதனால்தான். அக்கா சிலிண்டரை ஆட்டிப் பார்ப்பதும், ஈரத்துணியால் துடைத்து எது சீக்கிரம் காய்கிறது என்று பார்ப்பதும் உள்ளே திரவம் இருப்பதை நம்பித்தான்.

எரிவதற்கு எவ்வளவு காற்று? ஒரு மோல் பியூட்டேனுக்கு ஆறரை மோல் ஆக்சிஜன். காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் ஆக்சிஜன் என்பதால் ஒரு லிட்டர் கேஸுக்குச் சுமார் 31 லிட்டர் காற்று வேண்டும். பர்னர் அடைத்துக்கொண்டு காற்று குறைந்தால் சுடர் மஞ்சளாகும், பாத்திரத்தின் அடி கறுக்கும். ஒரு சிலிண்டர் முழுவதும் எரிந்து தீரும்போது உள்ளே இருந்த 14.2 கிலோவோடு வெளியிலிருந்து 51 கிலோ ஆக்சிஜன் சேர்ந்திருக்கும். அடுக்களை ஜன்னல் வழியே 43 கிலோ கரியமில வாயுவும் 22 கிலோ நீராவியும் போயிருக்கும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இவ்வளவையும் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டு போகிறது. அங்கே முப்பந்தலில் சுழல்கிறவற்றுக்கு எங்கள் ஊரார் வைத்த பெயர் காற்றாடி, பத்திரிகைக்குக் காற்றாலை. வளியாலை என்று யாரும் முயன்று பார்க்கவில்லை, நல்லவேளை.

போன வாரம் அக்கா வந்து மதில் பக்கம் நின்று, "தம்பி, கேஸு தீந்துட்டு, உங்ககிட்ட ஒரு சிலிண்டர் கெடக்கா?" என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போய் மாட்டிக் கொடுத்தேன். கழற்றிவைத்த பழைய சிலிண்டரைத் தூக்கும்போது கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. வெளிக்காற்றின் அழுத்தமும் உள்ளழுத்தமும் சமமாகிவிட்டதால்தான் அடுப்பு அணைந்தது. 33 லிட்டரும் இன்னும் நிறைந்துதான் இருக்கிறது. ஒன்றேகால் மோலுக்கு மேல், எடை போட்டால் எழுபத்தைந்து எண்பது கிராம். இத்தனை நாள் திரவத்தை வைத்துக்கொண்டு கேஸ் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தோம். உள்ளே கேஸைத் தவிர வேறொன்றும் இல்லாத முதல் நாளில் கேஸ் தீர்ந்துவிட்டது என்கிறோம். அக்காவிடம் இதைச் சொன்னேன். "செரி, அப்பம் அத வச்சு ஒரு சாயா போட முடியுமா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.